அப்டவுண் மாஸ்டரும் ஒரு தேயிலைப் பெட்டியும்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்த தமிழரில் அரைவாசிப் பேரை விமானத்தில் ஏற்றியவர்கள் ஏஜென்சிக்காரர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்றியவர் அப்டவுண் மாஸ்டர். ஏற்றியது மட்டுமா, ஏற்றுவதற்கு முதல் அத்தனை பேரையும் குனியவைத்து, நிமிர்த்தி, உள்ளே இறக்கி, வெளியே எடுத்து, சுற்றி ஓடவிட்டுத்தான் அனுப்பினார். அதற்கு அவர் வைத்திருந்த கருவிகள் இரண்டு. ஒன்று கறுப்புக் குடை. மற்றது ஒரு ஆள் இறங்கக்கூடிய வெறும் தேயிலைப் பெட்டி.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. கொட்டாஞ்சேனையில் குடியிருந்த கத்தோலிக்கர், துறைமுகத்துக் கப்பல் கந்தோர் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பின்னேரம் நாலு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கி, வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த லொட்ஜின் கூடத்தில் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு நடத்துவார். வெள்ளை லோங்ஸ், வெள்ளைச் சேட், நீல டை, காலில் றப்பர் செருப்பு. டை கட்டினால் சப்பாத்தும் போடவேண்டும் அல்லவா என்று ஒருநாள் கேட்டேன்.

"டை ஸ்டூடண்ட்ஸ்க்கு, செருப்பு எனக்கு மேன்," என்றார்.

எங்கள் லொட்ஜில் இருந்தவர்கள் எல்லோரும் காத்திருக்கிறவர்கள். யுத்தம் நடக்கிற ஊரிலிருந்து கஷ்டப்பட்டு கொழும்புக்கு வந்து, பொலிஸ் பதிவுத் துண்டைச் சேட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, ஒருவர் விசாவுக்கும் இன்னொருவர் ஏஜென்சிக்காரனின் போனுக்கும் காத்திருப்பார்கள். காத்திருக்கிறவனுக்குப் பொழுது போகாது. வெளியே உலாத்தப் போனால் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே எல்லோரும் இங்கிலிஷ் படித்தார்கள். நான் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்து நானும் போய் உட்கார்ந்துவிடுவேன்.

மாஸ்டரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. முதல் நாளே அதை அவிழ்த்து விடுவார்.

"வெள்ளக்காரன் பெரிய சொல்லே பேச மாட்டான் மேன். ஹாபர்ல கப்டன்மாரோட காலம் தள்ளினவன் நான் சொல்றேன். கெட், புட், டேக், லுக், கோ, கம். இந்த ஆறு பேர வச்சித்தான் ஒலகத்தையே ஆண்டுட்டுப் போனான். ஆனா இந்த ஆறு பேருக்கும் சொந்தப் புத்தி கெடையாது. பின்னால ஒரு சின்னவன் வந்து நிப்பான். அவன் சொல்றதத்தான் இவங்க செய்வாங்க."

சின்னவன் என்று அவர் சொன்னது அப், டவுண், இன், அவுட், ஒன், ஒஃப் என்று வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற பொடிச்சொற்களை.

"லுக்னா பாக்கிறது. பின்னால ஆஃப்டர் வந்தா? பராமரிக்கிறது. ஃபோர் வந்தா தேடுறது. டவுண் ஒன் வந்தா கேவலமாப் பாக்கிறது. இன்டு வந்தா விசாரிக்கிறது. பார்வை ஒண்ணுதான், சின்னவன்தான் வேற வேற."

லொட்ஜிலேயே உடம்பு பெருத்தவன் கனகு. எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பான். "அதெப்பிடி மாஸ்டர், ஒரு பொடிச்சொல் வந்து முழுக் கருத்தையும் மாத்திப்போடும்?" என்றான்.

"ஏன், தமிழ்ல மாறலியா? கொடுன்னா குடுக்கிறது. விட்டுக்கொடுன்னா என்ன? காட்டிக்கொடுன்னா என்ன?"

ஒன்றிரண்டு பேர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நாட்களில் கொழும்பில் இருந்த தமிழனுக்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

சித்தாந்தம் இருக்கிறவர்களோடு பஸ்ஸில் போகக்கூடாது. ஒருநாள் நானும் அவரும் காலி வீதியில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். நாங்கள் இறங்கவேண்டிய ஹோல்ட் வந்ததும் கொண்டக்டர் அவருடைய டையைப் பார்த்து மரியாதையாக இங்கிலிஷில், "கெட் டவுண், கெட் டவுண்" என்றான். கொழும்பில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மாஸ்டர் அசையவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்குவது கெட் ஒஃப், கெட் டவுண் என்றால் தரையில் குனிவது, நான் குனியமாட்டேன் என்று சீற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விளக்கம் கொடுத்தார். கொண்டக்டர் கைகளைக் கூப்பி, "அனே மாத்தயா, பஹின்ன!" என்று இறங்கச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினான். கடைசியில் அடுத்த ஊரான தெஹிவளையில் இறங்கி இரண்டு பேரும் வெயிலில் நடந்து வந்தோம். வழிநெடுக எனக்கு ஒஃப் என்ற சொல்லின் பெருமையைச் சொன்னார். நான் அவரைக் கடலுக்குள் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன்.

கரும்பலகையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கையால் எழுதிய இங்கிலிஷ் கையோடு போய்விடும், உடம்பால் படித்தது போகாது என்பார். அதற்குத்தான் தேயிலைப் பெட்டி. கூடத்தின் நடுவில் அதை வைத்து, குடையை நீட்டிக் கட்டளை போடுவார். கெட் ஒன் என்றால் பெட்டிக்கு மேலே ஏறவேண்டும். கெட் இன்டு என்றால் உள்ளே இறங்கவேண்டும். கெட் ரவுண்ட் என்றால் சுற்றி வரவேண்டும். கெட் பிஹைண்ட் என்றால் பின்னால் ஒளியவேண்டும். இதில் கண்டிப்பான சட்டம் ஒன்று இருந்தது. கட்டளை காதில் விழுந்த உடனே முழு வகுப்பும் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லவேண்டும், சொல்லிக்கொண்டே செய்யவேண்டும். யோசிக்கக்கூடாது. யோசிக்கிறவன் தமிழில் யோசிப்பான் என்பது அவருடைய வாதம்.

கனகு யோசிக்காமல் ஒருநாள் பெட்டிக்குள் இறங்கினான். கெட் அவுட் என்று மாஸ்டர் சொன்னார். கனகுவும் கெட் அவுட் என்று உரத்துச் சொன்னான். ஆனால் வெளியே வரமுடியவில்லை. பெட்டியோடு சேர்த்து அவனைச் சரித்து, இரண்டு பேர் அவனையும் இரண்டு பேர் பெட்டியையும் இழுத்தோம். மாஸ்டர் மட்டும் இழுக்காமல் பக்கத்தில் நின்று, "இதுதான் மேன் ஸ்டக் இன்! எல்லாரும் சொல்லுங்க!" என்றார். நாங்கள் இழுத்துக்கொண்டே சொன்னோம்.

அந்த வகுப்பில்தான் ராணி அக்கா இருந்தார். கலியாணம் முடித்து மூன்றாம் மாதமே கணவர் கனடாவுக்குப் போய்விட்டார். அவர் அங்கே காலூன்றி, பேப்பர்கள் சரியாகி, மனைவியைக் கூப்பிடுவதற்குள் வருசங்கள் ஓடிவிட்டன. எம்பசியில் முதல் இன்டர்வியூவுக்குப் போன ராணி அக்கா வாயே திறக்காமல் திரும்பி வந்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஆனால் மொழிபெயர்ப்பாளர் கேட்கிறவர்களுக்கு விசா கிடைக்காது என்று எங்கள் லொட்ஜில் ஒரு நம்பிக்கை. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, வேதவாக்குப் போல எல்லோரும் நம்பினோம். அதனால் ராணி அக்கா வேறொரு டியூஷனில் மனப்பாடம் செய்த பெரிய பெரிய வசனங்களோடு தனியாகப் போனார். அங்கே இருந்த வெள்ளைக்காரர் கேட்டதோ எல்லாம் கெட், டேக், புட். ஒன்றும் பிடிபடவில்லை. அழுதுவிட்டு வந்தார்.

"இந்தமுறையும் பிழைச்சா அவர் என்ன நினைப்பார் தம்பி? எவ்வளவு காலத்துக்குத்தான் ஒரு மனுசன் பாத்துக்கொண்டு இருக்கிறது?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டார்.

இரண்டாவது இன்டர்வியூவுக்குத் திகதி வந்தது. அதற்கு முதல்நாள் பின்னேரம் முழு ஒத்திகை என்று மாஸ்டர் அறிவித்தார். ஆனால் கூடத்தில் இடம் இல்லை என்று லொட்ஜ் முதலாளி மறித்துவிட்டார். நாங்கள் குதிக்கிற குதியில் கீழேயிருந்த சைவக் கடையின் சாம்பாருக்குள் சுண்ணாம்பு விழுகிறதாம்.

"மாஸ்டர், நீங்கள் இங்கிலிஷைப் படிப்பியுங்கோ, வேண்டாம் எண்டேல்லை. ஆனா கட்டடத்தை விட்டுட்டுப் படிப்பியுங்கோ," என்றார்.

ஆகவே மொட்டை மாடிக்குப் போனோம். பெட்டியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஒரு பக்கம் கடலும் ரயில் பாதையும், மற்றப் பக்கம் காலி வீதியும் செக்பொயின்டும். மாஸ்டர் டையை இறுக்கிக்கொண்டு, குடையைத் துப்பாக்கி பிடிக்கிற மாதிரி நீட்டினார்.

"கெட் டவுண்!"

"கெட் டவுண்!" என்று கத்திக்கொண்டு பத்துப் பன்னிரண்டு தமிழர் ஒரே நேரத்தில் குப்புற விழுந்தோம்.

"கீப் டவுண்! லுக் அவுட்! கம் ஒன்! கெட் பிஹைண்ட்! கெட் பேக்! கெட் அவே!"

விழுந்து, தவழ்ந்து, எட்டிப் பார்த்து, ஓடி, பெட்டிக்குப் பின்னால் பதுங்கி, திரும்பவும் ஓடினோம். யுத்த காலத்தில், பட்டப்பகலில், காலி வீதிக்கு மேலே. அதைப் பார்த்து ஒருவருக்கும் சந்தேகம் வராமல் இருந்திருந்தால் நானே போய் பொலிஸில் முறைப்பாடு செய்திருப்பேன். ஆனால் எதிர்த்த மாடியில் யாரோ என்னை முந்திவிட்டார்கள்.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவை உதைத்துக்கொண்டு ஒரு இன்ஸ்பெக்டரும் பின்னால் துவக்குகளோடு ஆறேழு பேரும் மாடிக்குள் வந்தார்கள்.

"ஹேண்ட்ஸ் அப்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஹேண்ட்ஸ் அப்!" என்று முழு வகுப்பும் திருப்பிக் கத்திக்கொண்டு கைகளைத் தூக்கினோம்.

இன்ஸ்பெக்டர் ஒரு அடி பின்னுக்குப் போனார். "கெட் டவுண்!"

"கெட் டவுண்!" எல்லோரும் ஒரே சத்தத்தில் விழுந்தோம். இராணுவத்தில் கூட அப்படி ஒழுங்காக விழுந்திருக்கமாட்டார்கள். பயிற்சி எடுத்தவர்கள்தான் என்று அந்த நிமிடமே அவர்களுக்கு முடிவாகியிருக்கும்.

"ஷட் அப்!" என்று அலறினார் இன்ஸ்பெக்டர்.

நாங்கள் என்ன செய்தோம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எல்லோரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். உள்ளே குண்டு இருக்கும் என்ற பயத்தில் தேயிலைப் பெட்டியைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. நீளக் கயிற்றைக் கட்டித் தூரத்தில் நின்று இழுத்து, நாலு மாடியும் டக்குடக்கென்று இறக்கி, ஸ்டேஷன் முற்றத்தின் மூலையில் வைத்தார்கள். இரண்டு கொன்ஸ்டபிள்கள் மதிலுக்குப் பின்னால் நின்று அதைக் காவல் காத்தார்கள்.

உள்ளே நீள மர வாங்கில் எங்களை வரிசையாக இருத்தினார்கள். இனிச் சிரிப்பு இல்லை. அந்த நாட்களில் உள்ளே போனவர்கள் அடுத்தநாள் வரலாம், அடுத்த மாதம் வரலாம், சிலர் வராமலும் விடலாம். ராணி அக்கா மட்டும், "காலமை ஒன்பது மணிக்கு... காலமை ஒன்பது மணிக்கு..." என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு இரவு தடுத்து வைத்தாலே போதும், அவருடைய வாழ்க்கை திரும்பவும் பின்னுக்குப் போய்விடும்.

இன்ஸ்பெக்டர் மாஸ்டரைக் கூப்பிட்டு மேசைக்கு முன்னால் நிறுத்தினார். "வட் இஸ் கோயிங் ஒன் அப் தேயர்?"

மாஸ்டருடைய முகம் மலர்ந்தது. "கோயிங் ஒன்! வெரி குட் சேர்!" என்றவர் எங்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா மேன்? ஹப்பனிங்ன்னு சொல்லல. கோயிங் ஒன்!"

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. தப்பிவிடலாம் என்று நினைக்காதே என்று மிரட்டினார். "டோன்ட் திங்க் யூ கேன் கெட் அவே வித் திஸ்!"

"கெட் அவே வித்!" மாஸ்டர் கைதட்டாத குறை. "ரெண்டு சின்னவங்க சேந்து வாறது! சேர், எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?"

கனகு என் காதுக்குள், "இந்த மனுசன் எங்களைக் கொல்லப்போகுதடாப்பா," என்றான். அதுவரை சுவரோடு சாய்ந்திருந்த கொன்ஸ்டபிள்கள் நிமிர்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் மேசையில் ஓங்கி அடித்துவிட்டு எழும்பினார்.

அப்போதுதான் ராணி அக்கா எழும்பினார். யாரும் கெட் அப் சொல்லவில்லை. வெள்ளைக்காரருக்கு முன்னால் வாய் திறக்காத ராணி அக்கா, பொலிஸ் ஸ்டேஷனுக்கு நடுவில் நின்றுகொண்டு இங்கிலிஷில் தொடங்கினார்.

"சேர், வீ டோன்ட் புளோ அப்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழன் வாயால் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அது குண்டு வைத்துத் தகர்ப்பதைச் சொல்லுகிற அந்த புளோ அப்தான்.

"வீ ஒன்லி கெட் அப்," என்று முடித்தார் ராணி அக்கா. "அண்ட் கெட் டவுண். திஸ் இஸ் இங்கிலிஷ் கிளாஸ்."

பிறகு நிறுத்தவில்லை. மை ஹஸ்பண்ட் வென்ட் அவே என்றார். ரன் அவே இல்லை, வென்ட் அவே என்று விரலை ஆட்டித் திருத்தினார். நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ஹோல்ட் ஒன் என்றார். நாளைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நீங்கள் லொக் அப் செய்தால் நான் மிஸ் அவுட், பிறகு அவர் கிவ் அப் என்றார். கிவ் அப் என்று சொன்னபோது கைவிடுகிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். காலமும் இலக்கணமும் எங்கெங்கோ போயின. ஆனால் சின்னவர்கள் ஒருவரும் இடம் மாறவில்லை.

இன்ஸ்பெக்டர் வெளியே போய், ஒரு தடியால் தேயிலைப் பெட்டியைத் தட்டி, எட்டி உள்ளே பார்த்தார். உள்ளே இருந்தது கனகுவின் சேட் பொத்தான் ஒன்று மட்டும். பெட்டியை உள்ளே கொண்டுவரச் சொல்லி, "ஷோ மீ," என்றார்.

ராணி அக்கா சேலையைச் செருகிக்கொண்டு பெட்டியில் ஏறினார், இறங்கினார், உள்ளே போனார், வெளியே வந்தார், சுற்றி வந்தார். ஒவ்வொன்றுக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்தார். நாங்களும் பழக்கதோசத்தில் வாங்கில் இருந்தபடியே கூடச் சொன்னோம். ஒரு கொன்ஸ்டபிள் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டான். இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

"ஓகே, ஓகே. நவ் ஐ ஆம் த எம்பசி," என்று கதிரையில் சாய்ந்தார். "ஹவ் டு யூ கெட் ஒன் வித் யுவர் மதர் இன் லோ?"

மாமியாரோடு எப்படி ஒத்துப்போகிறாய் என்ற கேள்வி. ராணி அக்கா யோசிக்கவே இல்லை.

"ஷீ இஸ் இன் ஜாஃப்னா, சேர். ஐ ஆம் இன் கொலம்போ. ஸோ வீ கெட் ஒன் வெரி வெல்."

இன்ஸ்பெக்டர் வெடித்துச் சிரித்துவிட்டார். கொன்ஸ்டபிள்கள் என்ன என்ன என்று கேட்க, அவர் சிங்களத்தில் சொல்ல, ஸ்டேஷன் முழுவதும் சிரித்தது. வயதான சார்ஜன்ட் ஒருவர் தன்னுடைய மாமியார் ஒரே வீட்டில் இருக்கிறார் என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். அடையாள அட்டைகளையும் பதிவுத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்களை விட்டார்கள். ஒரு நிபந்தனை. இனிமேல் மொட்டை மாடியில் வகுப்பு நடக்கக்கூடாது, நடந்தாலும் கதிரையில் இருந்துகொண்டு செய்யக்கூடிய வினைச்சொற்களை மட்டும்தான் படிப்பிக்கலாம்.

வெளியே வந்ததும் காற்றை வாய் நிறைய இழுத்தோம். கனகு ரோட்டோரத்தில் குந்தியிருந்து காரணமில்லாமல் சிரித்தான். மழை தூறத் தொடங்கியது. மாஸ்டர் குடையை விரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"என்ன மாஸ்டர்?"

"பயம் மேன். அங்க வாய் ஓஞ்சா அழுதுருவேன்னு நெனைச்சுத்தான் பேசிக்கிட்டே இருந்தேன். இந்தப் புள்ளட நாளைய நாளக் கெடுத்துட்டேனேன்னு..."

ராணி அக்கா குடையை வாங்கி விரித்து, அவருடைய தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு லொட்ஜ் வரைக்கும் நடந்து வந்தார்.

அடுத்தநாள் நான் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு மாஸ்டரோடு எம்பசிக்கு எதிரில் போய் நின்றேன். அங்கே நிற்கக்கூடாது என்று காவலுக்கு நின்ற சென்ட்ரிக்காரன் விரட்டினான். ஒரு சுற்றுச் சுற்றி வந்து திரும்பவும் நின்றோம். திரும்பவும் விரட்டினான். நான் ஒரு மரத்தடிக்குப் போய்விட்டேன். மாஸ்டர் செருப்புத் தேயத் தேய அந்தக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. செபமாலையா, கெட் அப் கெட் டவுணா என்று நான் கேட்கவில்லை.

ராணி அக்கா வெளியே வந்தார். தூரத்திலேயே முகத்தைப் பார்த்ததும் எனக்கு விசயம் விளங்கிவிட்டது.

"கிடைச்சிட்டுது மாஸ்டர்! நேற்றைய இன்ஸ்பெக்டருக்குப் பிறகு அந்த வெள்ளைக்காரன் எனக்குப் பூனைக்குட்டி மாதிரி இருந்தான்," என்று சிரித்துக்கொண்டே அழுதார். மாஸ்டர் நடுரோட்டில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு சென்ட்ரிக்காரனிடமும் போய்க் கைகொடுத்துவிட்டு வந்தார்.

ராணி அக்காவை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். மாஸ்டர் கொஞ்சநேரம் சந்தோசமாகக் கதைத்தார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய வகுப்பில் நன்றாகப் படித்தவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள். ஒருவர் பாஸானால் ஒரு கதிரை வெறுமையாகும். எங்களோடு படித்த இரட்டைச் சகோதரர்கள் போனார்கள், இனி ராணி அக்காவும் போவார், கனகுவுக்கும் விசாக் கடுதாசி வந்துவிட்டது. யாராவது போகிற ஒவ்வொரு முறையும் மாஸ்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். அன்றைக்கும் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க எப்ப மேன் போறீங்க?"

"அடுத்த வருசம் போலதான் கிடக்கு மாஸ்டர்."

"அப்ப நாளைக்குக் கிளாசுக்கு வருவீங்க?"

"ஓம் மாஸ்டர். கட்டாயம் வருவன்."

அவர் சீற்றில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். எனக்கு வெளிநாடு போகிற எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. நான் பாஸ்போட் கூட எடுத்திருக்கவில்லை. பின்னேரங்களில் அந்த மனுசனைப் பார்க்காமல் எனக்கு இருக்க முடியாது, அவ்வளவுதான்.